கடைசியில் கர்ணன் ஏன் சாகிறான்?



செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் உள்ள நம்மவர் வீடுகளில் இப்போது ஒரு புதிய குறை காதில் விழுகிறது. பிள்ளைகள் ஜப்பானிய கார்ட்டூன் தொடர்களில் மூழ்கிக் கிடக்கிறார்கள். அனிமே என்று அதற்குப் பெயர். பார்ப்பதுகூடப் பெரிதில்லை, தொடர் முடியும் தறுவாயில் முக்கியமான ஆள் யாராவது செத்துப் போகிறான், அதற்காக இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் தாய்மார்களின் புகார். "பொம்மைப் படத்தில்கூடவா சாவு? நல்லபடியாக முடித்தால் என்ன குறைந்துவிடும்?" என்று ஒரு தாய் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு எனக்குத் தோன்றிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் இலக்கியம் கற்றவன் அல்லன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, 38 ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து 2019-ல் ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் செய்யாறு பக்கம். இந்த விஷயத்தில் பேச எனக்குள்ள தகுதி இரண்டே. சிறுவயதில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு பேத்தியுடன் உட்கார்ந்து நாலைந்து அனிமே தொடர்களை முதல் முதல் கடைசி வரை பார்த்திருக்கிறேன். இரண்டையும் பார்த்தவனுக்கு இவை அந்நியமாகத் தெரியவில்லை என்பதுதான் நான் முதலில் சொல்ல வேண்டியது.

மகாபாரதப் போர் 18 நாள். கௌரவர் பக்கம் சேனாதிபதிகள் நால்வர். பீஷ்மர் 10 நாள் நின்றார். துரோணர் 5 நாள். கர்ணன் 2 நாள். சல்லியன் அரை நாள். கணக்கைப் பாருங்கள், ஒவ்வொரு படியிலும் காலம் ஏறக்குறைய பாதியாகிறது, அல்லது அதற்கும் கீழே போகிறது. பெரிய சாவுகள் எல்லாம் பின்பாதியில்தான் குவிந்திருக்கின்றன. பீஷ்மர் விழுவது 10-ஆம் நாள். அபிமன்யு 13-ஆம் நாள். கடோத்கஜன் 14-ஆம் நாள் இரவு. துரோணர் 15. கர்ணன் 17. துரியோதனன் 18. அன்று இரவே திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் தூக்கத்தில் வெட்டப்படுகிறார்கள். கதை முடியும் நேரத்தில் முக்கியமானவர்களைச் சாகடிக்கும் வழக்கம் டோக்கியோவில் பிறந்ததல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும்போது, கர்ண மோட்சம் ஆடும் இரவில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்போம். கடைசி நாள் படுகளம். மண்ணால் பிரமாண்டமாகத் துரியோதனனைப் படுக்க வைத்துப் பட்டப்பகலில் அவன் தொடையைப் பிளப்பார்கள். பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அவன் கெட்டவன்தானே, ஏன் அழுகிறாய் என்று எந்தக் கிழவியையும் யாரும் கேட்டதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போ என்றும் யாரும் சொன்னதில்லை.

தாராவியில் உள்ள திருநெல்வேலி நண்பர்களைக் கேட்டால் வில்லுப்பாட்டைச் சொல்வார்கள். முத்துப்பட்டன் கதையில் மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு அவன் செத்துப் போகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்குகிறார்கள். கதை அதோடு நிற்பதில்லை. பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்கு இன்றும் வழிபாடு நடக்கிறது. அநியாயமாகச் செத்தவனை மறக்காமல் சாமியாக்கி வைத்துக்கொள்வது நம் ஜனங்களின் குணம். மதுரைவீரனுக்கும் காத்தவராயனுக்கும் அதே வரலாறுதான்.

சரி, சாவு ஏன் கடைசியில் வருகிறது? எனக்குத் தெரிந்தவரை நான்கு காரணங்கள்.

முதல் காரணம் மிகச் சாதாரணமானது. அதுவரை அந்த ஆள் கதைக்குத் தேவை. இழுக்கிற எஞ்சினைப் பாதி வழியில் கழற்றிவிட்டால் வண்டி நின்றுவிடும். 'டெத் நோட்' என்ற தொடரில் 37 பகுதிகள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதினால் அந்த ஆள் சாவான். அதை வைத்து உலகத்தைத் திருத்தப் புறப்படுகிறான் லைட் என்ற மாணவன். அவனைப் பிடிக்க வரும் துப்பறிவாளன் எல். இந்த எல் 25-ஆம் பகுதியில் இறந்துவிடுகிறான். அதன் பிறகு தொடர் தளர்ந்துவிட்டது என்பது பார்த்தவர்களில் பலருடைய அபிப்பிராயம். என் பேத்தியும் அதே கட்சி. நடுவழியில் நாயகனைக் கொன்றுவிட்டு வண்டியை ஓட்ட எல்லோராலும் முடியாது. இளங்கோவடிகளால் முடிந்தது. சிலப்பதிகாரத்தின் முப்பது பிரிவுகளில் கோவலன் வெட்டுப்படும் கொலைக்களக் காதை 16-ஆவது. பாதி காவியம் மீதியிருக்கிறது. ஆனால் அங்கே கண்ணகி என்ற இன்னும் பெரிய எஞ்சின் காத்திருந்தது.

இரண்டாவது காரணம் கடன். கதையில் ஒருவன் செய்தது எல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டே வருகிறது. கதையை மூடும்போது கணக்கைத் தீர்த்தாக வேண்டும். கர்ணன் நல்லவன், வள்ளல். ஆனாலும் குருவிடம் பொய் சொல்லி வாங்கிய சாபம் இருக்கிறது. சபையில் திரௌபதியைப் பேசிய பேச்சு இருக்கிறது. அபிமன்யுவைச் சூழ்ந்து கொன்றவர்களில் அவனும் ஒருவன் என்ற பாவம் இருக்கிறது. எல்லாக் கடன்காரர்களும் 17-ஆம் நாள் மாலை ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறார்கள். 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தில் சிவாஜி சாய்ந்து கிடக்கும் காட்சியில் தியேட்டரே அழுதது என்றால், கொடுத்தவன் கடன்காரனாகவும் இருந்தான் என்ற இரண்டு உண்மையும் சேர்ந்து அழுத்தியதால்தான்.

இதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 1987 தீபாவளிக்கு வந்த 'நாயகன்'. தாராவியைத் தோட்டா தரணி சென்னையில் செட் போட்டுக் காட்டிய படம். வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவி எழுந்த கதை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே அவர் நடத்திய கணபதி விழாவை நேரில் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். அசல் மனிதர் சென்னையில் 1988 ஜனவரியில் மாரடைப்பால் காலமானார். படம் வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. படத்தில் வேலு நாயக்கர் அப்படிச் சாகவில்லை. கோர்ட் அவரை விடுதலை செய்கிறது. வெளியே வருகிறார், ஜனம் ஆர்ப்பரிக்கிறது. அந்த நேரத்தில் அஜித் என்ற பையன் அவரைச் சுடுகிறான். அவன் யார்? முன்பு வேலு கொன்ற இன்ஸ்பெக்டர் கேல்கரின் மகன். தகப்பனைக் கொன்ற பிறகு வேலுவே ஆதரித்த பிள்ளை.

மாரடைப்பு எந்தக் கணக்கையும் பார்ப்பதில்லை. சட்டத்திடம் சாட்சி இல்லை. கதைக்கு மட்டும்தான் கேல்கரின் வீட்டில் ஒரு பிள்ளை மிச்சமிருந்தது ஞாபகம் இருந்தது. வேலுவைக் கோர்ட்டில் இருந்து நேரே பேரனோடு வீட்டுக்கு அனுப்பி 'சுபம்' போட்டிருந்தால் கைதட்டிவிட்டு மறந்திருப்போம். அவர் நல்லவரா கெட்டவரா என்று இத்தனை வருஷம் வாதாடிக்கொண்டிருக்க மாட்டோம்.

'அட்டாக் ஆன் டைட்டன்' என்ற தொடர் 2013-ல் தொடங்கி 2023-ல் முடிந்தது. அதில் எரென் என்ற பையன் முதலில் நாயகன். தாயைப் பறிகொடுத்தவன். கடைசியில் அவனே உலகத்தின் பெரும்பகுதியை மிதித்து அழிக்கக் கிளம்புகிறான். அவனைக் கொல்வது எதிரி நாட்டுப் படை அல்ல, சிறுவயதிலிருந்து அவன்மேல் உயிரை வைத்திருந்த மிகாசா என்ற பெண். கர்ணனைக் கொன்றது தம்பி. வேலுவைச் சுட்டது வளர்த்த பிள்ளை. எரெனைக் கொன்றது அவனை நேசித்தவள். மூன்று இடத்திலும் அந்நியன் கை படவில்லை என்பதைக் கவனியுங்கள். கடனை வசூலிக்க வெளியாள் வந்தால் அது வெறும் சண்டை. வீட்டு ஆளே வந்தால் அது தீர்ப்பு.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல உங்களைக் கர்ஜத்துக்கு அழைத்துப் போகிறேன். ஊருக்குப் போகும்போது கர்ஜத்தில் வண்டி நிற்கும், நாம் வடாபாவ் வாங்குவோம். வடாபாவுக்காக அங்கே வண்டி நிற்பதில்லை. கர்ஜத்திலிருந்து லோனாவளா வரை போர்காட் ஏற்றம், 37 அடி போனால் ஓரடி ஏறும். அவ்வளவு ஏற்றத்தை முன்னெஞ்சின் தனியாக இழுக்க முடியாத வண்டிகளுக்குப் பின்னால் 'பேங்கர்' எஞ்சின்களைச் சேர்ப்பார்கள். அவை மலை உச்சி வரை பின்னாலிருந்து தள்ளும். லோனாவளா வந்ததும் கழற்றிவிடுவார்கள். வண்டி சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ போய்விடும். தள்ளிய எஞ்சின் திரும்பி வந்துவிடும். வண்டிக்குள் இருப்பவர்களுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

கதைகளில் குருவாக, அண்ணனாக வருபவர்கள் பேங்கர் எஞ்சின்கள். 'டீமன் ஸ்லேயர்' வரிசையில் 2020-ல் வந்த படம் ஒன்று ஜப்பானில் அதுவரை இருந்த வசூல் சாதனையை முறியடித்தது. ஓடும் ரயிலில் நடக்கும் கதை, அதனால் நானும் ஆவலாக உட்கார்ந்தேன். நீராவி எஞ்சின் இழுக்கும் வண்டி, 200 பயணிகள், வண்டி முழுக்க அரக்கன். ரெங்கோகு என்ற வீரன் ஒரு பயணியைக்கூடச் சாகவிடாமல் காப்பாற்றிவிட்டு, விடியும் நேரத்தில் தான் இறந்து போகிறான். அருகில் மூன்று சிறுவர்கள் அழுதுகொண்டு நிற்கிறார்கள். அவனுடைய வாளின் கைக்காப்பு பிறகு அவர்களில் ஒருவனுடைய வாளில் ஏறுகிறது. மிச்ச வழியைச் சிறுவர்கள் தாங்களே ஏற வேண்டும். பெரியவன் உயிரோடிருந்தால் அவர்கள் கடைசி வரை அவன் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார்கள். ஊரில் தகப்பனை விட்டுவிட்டு இங்கே வந்து குடும்பம் ஊன்றிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது காரணம் வியாபாரம். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்வரை பாத்திரம் சரக்கு. பத்திரிகை விற்க வேண்டும், பொம்மை விற்க வேண்டும். ஜப்பானில் வாரப் பத்திரிகைகளில் படக்கதையாக வந்து, பிறகு அனிமே ஆகும் தொடர்கள் நிறைய. எந்தக் கதை பிடித்தது என்று வாசகர்கள் கார்டு போடுவார்கள். அந்த நிலையில் எவன் துணிந்து நாயகனைக் கொல்வான்? முடிவுத் தேதி நிச்சயமான பிறகுதான் கதை ஆசிரியர் கைக்குத் திரும்புகிறது. கானன் டாயில் 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் விடவில்லை. 1903-ல் உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. 1975-ல் 'ஷோலே' வந்த புதிதில் வசூல் மந்தம் என்று பயந்து, ஜெய் பிழைத்துக்கொள்வதாக மாற்றிவிடலாமா என்று யோசித்திருக்கிறார்கள். மாற்றவில்லை. படம் மினர்வா தியேட்டரில் ஐந்து வருஷம் ஓடியது. ஜெய் பிழைத்திருந்தால் ஓடியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நம் சின்னத்திரையின் நெடுந்தொடர்களில் வேறு வேடிக்கை. அங்கே முடிவே கிடையாது. ஆகவே சாவுக்கும் மரியாதை கிடையாது. நடிகர் சம்பளத் தகராறில் விலகினால் பாத்திரத்துக்கு லாரி மோதும். இல்லாவிட்டால் 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து வரும். இறந்தவர் முகமாற்று ஆபரேஷன் செய்துகொண்டு திரும்புவார். இதை அன்றாடம் குடும்பத்தோடு பார்க்கிற நாம், முறையாக ஒரு தடவை செத்து, அதற்காக எல்லோரும் துக்கப்படுகிற ஜப்பான் கதையைக் குறை சொல்வது எனக்கு விந்தையாக இருக்கிறது.

ஜப்பானியருக்கென்று தனிக் காரணமும் உண்டு. அங்கே அனிமேயைத் தொடங்கி வைத்த தலைமுறை 1945-ஐக் கண்ணால் பார்த்தது. அரைமணி நேர வாராந்தரத் தொடராக 1963 ஜனவரி 1-ல் தொடங்கிய 'ஆஸ்ட்ரோ பாய்', 1966 டிசம்பர் 31-ல் முடிந்தது. அந்த இயந்திரச் சிறுவன் பூமியைக் காப்பாற்றச் சூரியனுக்குள் பாய்வதுதான் கடைசிக் காட்சி. அதைப் படைத்த ஒசாமு தெசூகா, இளம் வயதில் ஒசாகாவில் குண்டுவீச்சைப் பார்த்தவர். 1988-ல் வந்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்தில் அண்ணன் தங்கை இருவருமே பட்டினியில் சாகிறார்கள். மூலக்கதையை எழுதிய நோசாகா, தங்கையை அப்படியே பறிகொடுத்தவர். பொய்யாக எப்படி 'சுபம்' போடுவார்? 1970-ல் 'அஷிதா நோ ஜோ' என்ற குத்துச்சண்டைப் படக்கதையில் ரிகீஷி என்ற வீரன் இறந்தபோது, அவனுக்குப் பத்திரிகை அலுவலகத்திலேயே உண்மையான இறுதிச் சடங்கு நடந்தது. சுமார் 700 பேர் வந்தார்கள். காகிதத்தில் வரைந்த மனிதனுக்கு! பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கலாம். படுகளத்தில் மண் பொம்மைக்கு ஒப்பாரி வைக்கும் செய்யாற்றுக்காரன் நான் சிரிக்கமாட்டேன்.

இதற்கு ஆட்சேபம் சொல்வோர் உண்டு. கதையை மங்களமாக முடிப்பதுதான் நம் மரபு என்பார்கள். மறுக்கவில்லை. கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பாடியதாகத்தான் வழக்கு. ராமாயண உபன்யாசம் நடக்கிற எந்த இடத்திலும் கடைசி நாள் பட்டாபிஷேகம், மாலை, பிரசாதம். ஆனால் அந்தப் பட்டாபிஷேகத்துக்கு முன் எத்தனை பேர்! தசரதன், ஜடாயு, வாலி, கும்பகருணன், இந்திரஜித்து. மண்டோதரியைக்கூடக் கம்பர் ராவணன் உடல்மேல் விழுந்து உயிர்விட வைக்கிறார். வால்மீகியில் இல்லாத சாவு அது. மங்களம் என்பது இத்தனை பேருக்கும் அழுது முடித்த பிறகு வருவது.

கல்கியும் அப்படித்தான். 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை வந்தது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டது சரித்திரம். உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது, அதைத் தவிர்க்க அவருக்கு வழியில்லை. ஆனால் மணிமேகலை கல்கியின் கற்பனைப் பெண். அவளை உயிரோடு விட்டிருக்கலாம். கடைசி அத்தியாயத்தில் அவளைச் சாகவிட்டுத்தான் கதையை முடித்தார். மகுடம் சூடியவர்களின் கதையை, எதுவுமே கிடைக்காத ஒரு பெண்ணின் சாவில் கொண்டுபோய் நிறுத்திய காரணத்தால் அந்தப் பாகத்துக்குத் தியாக சிகரம் என்ற பெயர் பொருந்துகிறது.

எல்லாச் சாவையும் நான் ஆதரிக்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். ரயில்வேயில் ஒரு விபத்து நடந்தால் விசாரணை உண்டு. காரணம் என்ற பத்தியைக் காலியாக விட முடியாது. கதாசிரியனுக்கும் அந்த விதி வேண்டும். 1981-ல் வந்த 'ஏக் தூஜே கே லியே' நம்மவர் மனத்தைத் தொட்ட படம். தமிழ்ப் பையன், வடக்கத்திப் பெண், மொழிச் சண்டை எல்லாம் நம் வீட்டுக் கதை. ஒரு வருஷம் பார்க்காமல் பேசாமல் இருந்தால் கல்யாணம் என்று நிபந்தனை. இருவரும் நிறைவேற்றிவிட்டார்கள். அப்புறம் ஏன் மலையிலிருந்து விழுந்து சாக வேண்டும்? அவர்கள் யாருக்கு என்ன கடன்பட்டார்கள்? பார்ப்பவர் கண்ணீருக்காகக் கொடுத்த பலி அது என்பது என் கருத்து. காதலித்தால் முடிவு சாவு என்று வாலிப வயதில் பதிந்துவிட்டால் அபாயம். நாட்டுக்காகச் சாவதே பெருமை, உயிர் வாழ்வது கேவலம் என்று மினுக்கிக் காட்டும் தொடர்களும் ஜப்பானில் உண்டு. அவற்றையும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை. சின்னக் குழந்தைகளை 'டைட்டன்' பார்க்க விடுவதும் சரியல்ல. ரத்தம் அதிகம், வயதுக் கட்டுப்பாடு காரணத்தோடுதான் போட்டிருக்கிறார்கள்.

நல்ல சாவு எது, போலிச் சாவு எது என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. அந்த ஆள் போன பிறகு மிச்சமிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பாரதத்தில் 18 பர்வம். அந்தப் போரின் சண்டையும் கொலையும் 10-ஆவது பர்வத்தோடு முடிந்துவிடுகின்றன. மீதி எட்டும் உயிரோடு இருப்பவர்களுக்கு. பெண்கள் போர்க்களத்துக்கு வந்து அழுகிறார்கள். கர்ணன் தன் மூத்த மகன் என்று குந்தி வாய் திறக்கிறாள். தருமன் ராஜ்யமே வேண்டாம் என்கிறான். சாவுக்குப் பிறகு கதைக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அது நியாயமான சாவு. திரை விழுந்து விளக்கைப் போட்டு எழுந்து போகச் சொன்னால் அது வெறும் பட்டாசு.

இப்போது நான் இவ்வளவும் எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

மும்பையில் சாவுக்குப் பஞ்சமில்லை. லோக்கல் ரயில் தண்டவாளத்தில் வருஷாவருஷம் ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். என் உத்தியோகத்தில் நான் பார்த்தவை, டிபன் டப்பாவில் சோறு அப்படியே இருக்கும், பாஸில் இன்னும் இருபது நாள் பாக்கியிருக்கும். நிஜச் சாவு கதையின் நடுவில்தான் வருகிறது. வாக்கியம் முடியுமுன் வருகிறது. அதற்குக் கடைசி அத்தியாயம் தெரியாது. அதனால்தான் மனிதன் கதை கட்டும்போது சாவைக் கடைசிக்குத் தள்ளி, சொல்ல வேண்டியதைச் சொல்லவைத்து, மடியில் தலையைச் சாய்த்து அனுப்புகிறான். வாழ்க்கையில் கிடைக்காத மரியாதை அது.

நம் குடும்பங்களில் சாவு வேறுமாதிரி வருகிறது. ஊரிலிருந்து ராத்திரியில் போன் வரும். பெரியவர்கள் கிடைத்த டிக்கெட்டில் ஏறுவோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை, பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டுவிட்டுப் போவோம். பதினாறு முடிந்து மொட்டைத் தலையோடு திரும்புவோம். பிள்ளைகள் பார்த்தது அந்தத் தலையை மட்டும்தான். தாத்தா எங்கே என்றால் சாமிகிட்டே போயிருக்கார் என்போம். கிராமத்தில் ஐந்து வயதில் எல்லோரும் பார்த்துவிடுகிற ஒன்றை, செம்பூர் பிளாட்டில் வளர்கிற பிள்ளை இருபது வயது வரை பார்ப்பதில்லை. என் தகப்பனார் 1994-ல் காலமானார். எதிர்வீட்டு டெலிபோனுக்குச் செய்தி வந்து, தாதரில் வண்டி பிடித்து நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மும்பைத் தமிழர்களில் பாதிப் பேருக்கு இதே கதை இருக்கும்.

ரெங்கோகு இறந்த அன்று என் பேத்தி ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாத்தா, உங்க அப்பா போறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டாள். முப்பது வருஷமாக என்னை யாரும் கேட்காத கேள்வி. இல்லை என்றேன். அப்புறம் அவர் எப்படி இருப்பார், எப்படிப் பேசுவார், ஏரிக்கரையில் என்னைத் தோளில் வைத்து எப்படி நடப்பார் என்று ஒரு மணி நேரம் சொன்னேன். என் மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதில் பாதி புதிது. ஒரு ஜப்பான் பொம்மை செத்ததால் எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா அன்று உயிரோடு வந்தார்.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. பிள்ளை ஒரு கதைக்காக அழுதால் டி.வி.யை அணைக்காதீர்கள், சிரிக்கவும் சிரிக்காதீர்கள். கடைசி இரண்டு பகுதியையாவது கூட உட்கார்ந்து பாருங்கள். யார் போனார், ஏன் போனார், மிச்சமிருப்பவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். நம் கதைகளைச் சொல்லும்போதும் கர்ணனைப் பிழைக்கவைத்துச் சொல்ல வேண்டாம். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ்க் குரலிலேயே தியேட்டருக்கு வந்துவிட்டது. ஜப்பான்காரன் தன் கதையை நம் மொழியில் முடிவு வரை சொல்கிறான். நம் கதையை நம் பிள்ளைக்கு நாம் பாதியில் நிறுத்துவானேன்?

2025 செப்டம்பர் முடிந்தாலும் சரி, எந்த ஞாயிறானாலும் சரி, ஒரு மாலை சாப்பாட்டுக்குப் பிறகு டி.வி.யை விட்டுத் தள்ளி உட்காருங்கள். 17-ஆம் நாள் போரை முழுதாகச் சொல்லுங்கள். தேர்ச்சக்கரம் மண்ணில் இறங்கும் இடத்தில் பிள்ளை கண்ணைத் துடைத்தால் துடைக்கட்டும். அப்புறம் ஊரில் போனவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.